ஊடகம் அனைவருக்குமானதா?

"உதவிக்குத் திரையில் தெரியும் எண்ணை அழைக்கவும்" என்கிறது தொலைக்காட்சி. பார்வையற்றவர் அந்த எண்ணை எப்படி அறிவார்? செவித்திறன் இல்லாதவருக்கு அந்த அறிவிப்பே எட்டாது.

இதற்குத் தீர்வாக மூன்று வசதிகள் உள்ளன: பேச்சை எழுத்தாகக் காட்டும் சப்டைட்டில், திரையின் ஓரத்தில் சைகை மொழிபெயர்ப்பாளர், காட்சியில் நடப்பதை வசனங்களுக்கிடையே குரலில் சொல்லும் ஒலி விளக்கம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 இம்மூன்றையும் வலியுறுத்துகிறது.

2019 செப்டம்பரில் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறைகளின்படி, செய்திச் சேனல்கள் தினமும் ஒரு செய்தியறிக்கையையேனும் சைகை மொழியுடன் தர வேண்டும். ஆனால் நேரலைச் செய்திகளுக்கு விலக்கு உண்டு. வெள்ள எச்சரிக்கை வருவதோ நேரலையில்தான்!

மதுரை சுந்தரராஜன்பட்டியில் இயங்கும் இந்தியப் பார்வையற்றோர் சங்கத்தை 1985-இல் நிறுவிய எஸ்.எம்.ஏ. ஜின்னா பார்வையிழந்தவர். வாய்ப்புக் கிடைத்தால் மாற்றுத்திறனாளிகள் பிறருக்கும் வழிகாட்டுவார்கள் என்பதற்கு அவரே சான்று. பார்வையற்ற நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் முஅத்தினாக நியமித்தார்கள்.

மக்கா ஹரமில் ஜும்ஆ குத்பா சைகை மொழியிலும் வழங்கப்படுகிறது. திருப்பரங்குன்றம் முதல் சென்னை வரை நம் ஜமாஅத்துகள் இணையத்தில் பயான்களை ஒளிபரப்பும்போது இதை யோசித்தோமா?

பதிவு செய்த பயானுக்குத் தமிழில் சப்டைட்டில் சேர்க்கப் பெரும் செலவில்லை. எழுதத் தெரிந்த ஓர் இளைஞரும் ஒரு கணினியும் போதும். அரசிடம் உரிமை கேட்கும் நாம், நம் வீட்டிலிருந்தே தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.