நம்பிக்கையும் வாழ்க்கையும்: நம்ம ஊர்ப் பக்கத்திலிருந்து சில புத்தகங்கள்

நண்பர்களே, கிறிஸ்தவ நம்பிக்கையும் இன்றைய வாழ்க்கையும் என்ற தலைப்பில் என்ன படிக்கலாம் என்று கேட்டால் பெரும்பாலும் வெளிநாட்டுப் புத்தகங்களைத்தான் சொல்கிறார்கள். நம் மண்ணிலேயே படிக்க நிறைய இருக்கிறது. வரலாற்று வரிசையில் சிலவற்றைப் பார்ப்போம்.

முதலில் பாகூர். 9-ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்தில் இங்கே ஒரு வடமொழிக் கல்லூரி இருந்தது. அதற்கு மூன்று ஊர்களைக் கொடுத்ததைப் பாகூர் செப்பேடு சொல்கிறது. படிப்புக்கு அவ்வளவு மதிப்பு! ஆனால் அந்தப் படிப்பு எல்லோருக்கும் கிடைக்கவில்லை.

இந்த நிலை மாற ஒரு காரணம் அச்சு. 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற 16 பக்கச் சிறுநூல் வெளிவந்தது. தமிழ் எழுத்தில் அச்சாகி இன்று நமக்குக் கிடைக்கும் நூல்களில் இதுவே மிகப் பழையது. அதை உருவாக்கியவர் அண்ட்ரிக் அடிகளார் என்ற போர்த்துக்கீசியப் பாதிரியார். அது பண்டிதர்களுக்காக அல்ல, புதிதாகக் கிறிஸ்தவரான கடற்கரை மக்களுக்காக வந்த நூல்.

அச்சு எந்திரத்துக்கும் புதுச்சேரிக்கும் ஒரு வேடிக்கையான தொடர்பு உண்டு. 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது இங்கிருந்த அச்சு எந்திரத்தையும் சென்னைக்குக் கொண்டு போனார்கள். அது வேப்பேரியில் இருந்த பாப்ரிசியுஸ் என்ற லுத்தரன் பாதிரியாரிடம் சேர்ந்தது. கத்தோலிக்க பிரெஞ்சு ஊரின் எந்திரம் புராட்டஸ்டண்ட் நூல்களை அச்சடித்தது!

சரி, எல்லோரும் ஒரே ஜெபத்தைப் படித்தார்கள். ஒன்றாக உட்கார்ந்தார்களா?

இதற்குப் பதில் ஒரு இந்துவின் எழுத்தில் கிடைக்கிறது. துய்ப்ளேக்சின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். புதுச்சேரி சம்பா கோவிலுக்குள் சாதிக் கிறிஸ்தவர்களையும் தலித் கிறிஸ்தவர்களையும் பிரித்து ஒரு சுவர் இருந்ததை அதில் பதிவு செய்கிறார். 1745-இல் தலித் மக்கள் முறையிட, சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறிஸ்தவர்கள் எதிர்த்தார்கள். 1748-இல் பக்கத்திலிருந்த வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்ட கதையும் அதே நாட்குறிப்பில் உண்டு. ஆக, ஒரே இடத்தில் இரண்டு இடிப்புகள். ஒன்று நியாயம், மற்றொன்று அநியாயம். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் மதம் அதிகாரத்தோடு சேரும்போது என்ன ஆகும் என்பது புரியும்.

அடுத்து மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889). இவர் கத்தோலிக்கர், முன்சீப்பாக இருந்தவர். வில்லியனூரில் லூர்து மாதா கோவில் எழுந்த அதே 1870-களில்தான் தமிழ்நாட்டைத் தாது வருஷப் பஞ்சம் (1876–78) வாட்டியது. அப்போது வேதநாயகம் பிள்ளை தன் சொந்தப் பணத்தில் கஞ்சித் தொட்டி வைத்தார். 1879-இல் வந்த அவருடைய 'பிரதாப முதலியார் சரித்திரம்' தமிழின் முதல் நாவல். அதில் ஞானாம்பாள் ஆண் வேடத்தில் நாட்டையே ஆளுகிறாள்! பெண் கல்வி பற்றியும் தனியாக எழுதியிருக்கிறார். எல்லாச் சமயத்தாரும் பாடும்படி 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை' இயற்றினார். நம்பிக்கை விட்டுக்கொடுக்காமலே பிறரை மதிக்கலாம் என்பதற்கு இவர் நல்ல சாட்சி.

கடைசியாக, பாமாவின் 'கருக்கு' (1992). கன்னியாஸ்திரியாக இருந்து மடத்தை விட்டு வெளியே வந்த ஒரு தலித் பெண்ணின் தன்வரலாறு. பேச்சுத் தமிழிலேயே எழுதியிருக்கிறார். திருச்சபைக்குள் சாதி எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதை உள்ளே இருந்தவரே சொல்கிறார்.

இதெல்லாம் பழைய கதை என்று நினைக்க வேண்டாம். புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில் 2008 மார்ச்சில், தலித் கிறிஸ்தவர்கள் சம உரிமை கேட்டதைத் தொடர்ந்து மோதல் வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். சம்பா கோவில் சுவர் இடிந்து 263 வருடம் கழித்து!

ஆகவே நண்பர்களே, நேரம் குறைவாக இருந்தால் 'கருக்கு' மட்டுமாவது படியுங்கள். சின்னப் புத்தகம்தான். பிறகு ஆனந்தரங்கரின் 1745-ஆம் வருடப் பக்கங்களைத் தேடிப் பாருங்கள். நீங்கள் எந்த மதமாக இருந்தாலும் சரி, உங்கள் கோயிலில், உங்கள் தெருவில் எந்தச் சுவர் மிச்சம் இருக்கிறது என்ற கேள்வி தானாக வரும். நல்ல புத்தகம் செய்ய வேண்டிய வேலை அதுதானே?