சட்டத்துக்கும் பஸ் படிக்கும் இடையில் 13 வருடங்கள்



தென்னாபிரிக்காவின் சொவெட்டோ, நிறவெறி ஆட்சி கறுப்பின மக்களை ஜொஹனஸ்பேர்க் நகருக்கு வெளியே ஒதுக்கிக் குடியமர்த்திய இடம். வேலை தேடி நகருக்குள் போக வேண்டும். நடக்கக்கூடியவருக்கே அது பெரும்பாடு. சக்கர நாற்காலியில் இருப்பவர் என்ன செய்வார்?

1981இல் அங்கே, பொலிஸ் குண்டு பட்டு நடக்க முடியாமற்போன ஃப்ரைடே மவுசோ, தன்னைப் போன்றவர்களைச் சேர்த்துச் சுயஉதவிச் சங்கமொன்றை ஆரம்பித்தார். உழைத்துப் பிழைக்கத் தொழிற்கூடமும் நடத்தினார்கள். 1984இல் விசேட தேவையுடையோருக்கான நாடளாவிய அமைப்பு உருவானது. 1996ஆம் ஆண்டு அரசியலமைப்பு, உடற்குறையைக் காட்டிப் பாகுபாடு செய்வதைத் தடுத்தது.

ஆனால் சட்டம் வந்ததும் பஸ்ஸின் படி தாழ்ந்துவிடவில்லை. 2009 ஓகஸ்ட் 30இல்தான் சொவெட்டோவிலிருந்து ‘ரெயா வாயா’ பஸ் ஓடத் தொடங்கியது. ‘நாங்கள் போகிறோம்’ என்பது அதன் பொருள். பஸ்ஸின் தளமும் தரிப்பிட மேடையும் ஒரே மட்டம். சக்கர நாற்காலி அப்படியே உருண்டு உள்ளே போகும்.

இன்றும் அந்நாட்டில் பொதுப் போக்குவரத்தில் போவோரில் பெரும்பாலானோர் போவது மினிபஸ் டாக்ஸியில்தான். அதில் படியும் உயரம், இடமும் நெருக்கம். ஆகவே வேலை இன்னும் முடியவில்லை.

1996இலிருந்து 2009 வரை 13 வருடங்கள். அதற்குள் ஒரு பிள்ளை பள்ளிக்கூடப் படிப்பையே முடித்திருக்கும், பஸ்ஸில் ஏற முடிந்திருந்தால்.