மரண நேரமும் வைத்தியர் கூற்றும்

கொலை வழக்கொன்றிற் கண்டோர் சாட்சியும் வைத்தியர் கருத்தும் முரண்படுமாயின் பொலிசார் எதனை நம்புதல் வேண்டும்? விக்டோரியா மகாராணியார் காலத்து இலண்டன் மாநகரில் எழுந்த இவ்வினா, 63 ஆண்டுகளின் பின் நம் கொழும்பிலும் எழுந்தது.

1888 செப்தெம்பர் 8 ஆம் நாள் விடியலில் அனி சப்மன் என்னும் பெண் கொலையுண்டு கிடந்தாள். காலை ஆறரை மணியளவிற் பிரேதத்தைப் பார்வையிட்ட பொலிஸ் வைத்தியர் பிலிப்ஸ், மரணம் நிகழ்ந்து குறைந்தது இரண்டு மணி நேரமாயிற்று என்றார். ஆயின், ஐந்தரை மணிக்கு அவளை உயிருடன் கண்டதாக ஒரு மாது சாட்சியம் பகர்ந்தாள். வைத்தியர் கூற்று மெய்யாயின் இம்மாதின் கூற்றுப் பிழையாதல் வேண்டுமெனப் பொலிஸ் அறிக்கை ஐயுற்றது. குளிர்ந்த காலையும் குருதியிழப்பும் உடலை விரைந்து குளிர்விக்கும் என வைத்தியர் தாமே எச்சரித்திருந்தார். மரண விசாரணை அதிகாரியோ அவ்வெச்சரிக்கையை மனங்கொண்டு மாதின் சாட்சியை ஏற்றார்.

கொலைஞன் உடற்கூறு அறிந்தவன் என்பதும் பிலிப்சின் கருத்தாகும். பொலிசார் இறைச்சி வெட்டுவோர் 76 பேரிடம் சென்று விசாரித்தனர். சித்தம் பேதலித்த மருத்துவ மாணவர் மூவரையும் தேடினர். ஆயின், அவ்வாண்டு நவம்பரில் வைத்தியர் தோமஸ் பொண்ட், கொலைஞனுக்கு இறைச்சி வெட்டுவோனின் அறிவுதானும் இல்லை என எழுதினார்.

இனி, நம் நாட்டை நோக்குவாம். 1951 ஒக்ரோபர் 9 ஆம் நாள், புகழ்பெற்ற துடுப்பாட்ட வீரர் சதாசிவத்தின் மனைவியார் பம்பலப்பிட்டியிற் கொலையுண்டார். சதாசிவம் காலை பத்தரை மணியளவில் வீட்டினின்றும் சென்றிருந்தார். மரணம் அதற்கு முன்னரோ, பின்னரோ என்பதே வழக்கின் உயிர்நாடியாயிற்று. பொலிசார் வீட்டு வேலையாளின் வாக்குமூலத்தை நம்பினர். அவன் மன்னிப்புப் பெற்று அரச சாட்சியானான். சட்ட வைத்தியப் பேராசிரியர் டி சேரம் அளித்த சான்றோ, மரணம் பின்னர் நிகழ்ந்திருத்தற்கும் இடமளித்தது. 57 நாள் விசாரணையின் பின், 1953 இல் யூரிமார் ஒருமனதாகச் சதாசிவத்தைக் குற்றவாளியல்லர் என்றனர்.

ஒரு மனிதனின் உயிர் சில நாழிகைக் கணக்கில் தங்கியிருந்தமையை எண்ணுக. டி சேரம், வெப்ஸ்ரர், கதிர்காமத்தம்பி ஆகிய மூவரும் தூக்கிலிடப்பட்ட 41 கைதிகளின் உடற்சூடு மணிதோறும் தணியுமாற்றை அளந்து 1955 இல் வெளியிட்டனர். மரண நேரம் ஐயமின்றி அறியப்பட்ட உடல்களாதலின், அவ்வளவீடுகள் உலகறிஞராற் போற்றப்பட்டன.

இலண்டனிற் கையினால் தொட்டு உணர்ந்த சூடு, கொழும்பில் அளவையாயிற்று. எனினும், வைத்தியர் கருத்து ஒரு சான்றேயன்றித் தீர்ப்பு அன்று. தன் எல்லையைத் தானே கூறும் கருத்தே நம்புதற்குரியது. அவ்வெல்லையையும் சேர்த்துக் கேட்பதே விசாரிப்போர் கடனாம்.