புதைந்த பல்லும் அதைக் காட்டிய கதிரும்

நீலசந்திராவில் ஒரு பல் மருத்துவ நிலையத்தில் என் தாடையின் ஓ.பி.ஜி. படத்தைச் சென்ற வாரம் கண்டேன். வலி ஏதுமில்லை, கண்ணாடியில் பார்த்தால் பற்கள் சீராகவே தெரிந்தன. படத்திலோ, கீழ்த்தாடையின் இரு கோடியிலும் ஞானப்பற்கள் எலும்புக்குள் சாய்ந்து படுத்திருந்தன. இவற்றை எடுக்க வேண்டுமா என்னும் கேள்விக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

1895 நவம்பரில் ரான்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். அடுத்த ஜனவரியிலேயே ஜெர்மானியப் பல் மருத்துவர் ஓட்டோ வால்க்ஹாஃப் தம் வாயில் ஒளிப்படத் தகட்டை வைத்து, 25 நிமிடம் அசையாது கிடந்து தம் பற்களைப் படமெடுத்தார். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் எட்மண்ட் கெல்ஸ் இக்கலையைப் பரப்பினார். கதிரின் தீமை தெளிவாகாத காலம் அது. முதலில் விரல்களும், பின்பு கையும் புற்றுக்கு இரையாயின. 1928இல் அத்துயரிலேயே அவர் வாழ்வு முடிந்தது. இன்று சில நொடிகளில் முடியும் படத்தின் பின்னே இத்தகைய இழப்புகள் உள்ளன.

1926இல் ஜார்ஜ் விண்ட்டர், புதைந்த கீழ் ஞானப்பல்லை அதன் சாய்வைக் கொண்டு வகைப்படுத்தினார். நிமிர்ந்தது, முன்சாய்ந்தது, படுத்தது, பின்சாய்ந்தது என்னும் அப்பகுப்பு இன்றும் வழக்கில் உள்ளது. முன்சாய்ந்த பல் அண்டைக் கடைவாய்ப்பல்லில் முட்டும் இடுக்கில் உணவு தங்கும். நல்ல பல்லின் பின்புறம் சொத்தையாகும். தாடை முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் முறையை ஃபின்லாந்தின் பாதெரோ 1940களின் இறுதியிலிருந்து வளர்த்தெடுத்தார். கீழுதட்டுக்கு உணர்வளிக்கும் நரம்பு செல்லும் கால்வாய் பல்வேருக்கு எவ்வளவு அருகில் உள்ளது என்பதை அறியவும் அது உதவிற்று.

நம் நாட்டில் 1934இல் சென்னைப் பொது மருத்துவமனையில் பெர்னார்டு கதிரியல் நிலையம் திறக்கப்பட்டது. 1948இல் பல் மருத்துவர் சட்டம் வந்தது. 1958இல் பெங்களூரில் அரசு பல் மருத்துவக் கல்லூரி தோன்றியது. அரிய கருவியாயிருந்த எக்ஸ் கதிர் மெல்ல மெல்லத் தெருமுனை வரை வந்து சேர்ந்தது.

ஆனால் காண்பது எளிதானதும், கண்டதையெல்லாம் பிடுங்கும் வழக்கமும் பெருகியது. 2000இல் பிரிட்டனின் நைஸ் அமைப்பு, நோயற்ற புதைந்த ஞானப்பல்லை முன்னெச்சரிக்கையாக எடுப்பதை நிறுத்துமாறு பரிந்துரைத்தது. எடுக்கும்போது நரம்பு காயமுற்றால் உதடு மரத்துப்போகக் கூடும் என்பது அதன் பின்னுள்ள கவலைகளுள் ஒன்று. அதேவேளை, வலி வரும்வரை காத்திருந்தால் அண்டைப் பல்லையும் இழக்க நேரும் என்று வாதிடுவோரும் உள்ளனர்.

என் படத்தில், இடப்புற ஞானப்பல் முட்டிய பல்லின் பின்புறம் ஒரு கருநிழல் விழுந்திருந்தது. சொத்தை தொடங்கிவிட்டது, அந்த ஞானப்பல்லை எடுக்க முடிவாயிற்று. வலப்புறத்தில் நிழல் இல்லை; அது கண்காணிப்பில் இருக்கும். ஒரே வாயில் இரு தீர்ப்புகள். ஆகவே நண்பர்களே, பல்லைப் பிடுங்கச் சொன்னால், படத்தில் எந்த இடம் அதற்குக் காரணம் என்று தயங்காது கேளுங்கள்.