கத்திக்கு முன்னே போகும் மருந்து

கண்ணின் பின்பக்கத்துக்குள் கருவி நுழைந்து அரை நூற்றாண்டுக்குச் சற்றே கூடுதலாகத்தான் ஆகிறது. அதற்கு முன், விழிக்குள் நிரம்பியிருக்கும் விட்ரியஸ் என்ற தெளிந்த கூழில் கை வைத்தால் கண் போய்விடும் என்றே பெரும்பாலான மருத்துவர்கள் நம்பினார்கள். கூழை எடுத்தாலும் கண் பிழைக்கும் என்று 1960களில் மயாமியில் டேவிட் கேஸ்னர் காட்டினார். அதே ஊரில் ராபர்ட் மாகெமர், கூழை வெட்டி உறிஞ்சி, காலியாகும் இடத்தை உடனுக்குடன் திரவத்தால் நிரப்பும் கருவி ஒன்றைச் செய்தார். முட்டையின் வெள்ளைக்கருவில் ஓட்டிப் பார்த்துப் பழகிய அந்தக் கருவியை 1970 ஏப்ரலில் மனிதக் கண்ணுக்குள் செலுத்தினார். விட்ரெக்டமி அப்படிப் பிறந்தது. அதற்குப் பிந்தைய கதையைக் கருவிகள் மெலிந்துகொண்டே வந்த கதையாகவே சொல்வது வழக்கம். மருந்துகளுக்கு அதில் ஓரமாகத்தான் இடம். ஆனால் அந்த ஓரத்தில் ஒரு விந்தை இருக்கிறது. கத்தியே வேண்டாம் என்று சொல்வதற்காக உருவாக்கிய மருந்து தோற்றது. வேறு எதற்கோ பிறந்து, கத்திக்கு எடுபிடியாக வந்து சேர்ந்தவை நிலைத்தன. இது தற்செயல் அல்ல என்பது என் கட்சி.

தோற்ற கதையை முதலில் பார்ப்போம். வயதாக ஆக விட்ரியஸ் கூழ் சுருங்கி, விழித்திரையிலிருந்து தானாகவே விலகும். சிலருக்கு நடுப்பார்வை தரும் மாக்குலாவில் மட்டும் அது விலகாமல் ஒட்டிக்கொண்டு இழுக்கும். இழுத்த இடத்தில் ஓட்டையும் விழலாம். ஒட்டவைக்கும் பசையில் லாமினின், ஃபைப்ரோனெக்டின் என்ற புரதங்கள் உண்டு. ரத்தக்கட்டியைக் கரைக்க உடல் பயன்படுத்தும் பிளாஸ்மின் என்ற நொதி இவற்றையும் வெட்டும். அதைக் கண்ணுக்குள் ஊசியால் செலுத்தினால் அறுவையே வேண்டாமே என்ற எண்ணம் 1990களில் வலுத்தது. பெல்ஜியத்தின் த்ராம்போஜெனிக்ஸ் நிறுவனம் பிளாஸ்மினைச் சுருக்கி ஆக்ரிபிளாஸ்மின் என்ற மருந்தாக்கியது. 652 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2012இல் வெளியானது: மருந்து பெற்றவர்களில் 26.5 சதவீதத்தினருக்கு ஒட்டுதல் விட்டது, வெற்று ஊசி பெற்றவர்களில் 10.1 சதவீதத்தினருக்கு. அமெரிக்க அரசு அதே ஆண்டு அக்டோபரில் ஜெட்ரியா என்ற பெயரில் அதை அனுமதித்தது. வித்தியாசம் மெய்தானே என்று கேட்கலாம். மெய்தான். ஆனால் நான்கில் மூன்று பேருக்கு ஊசி பலிக்கவில்லை. மாக்குலா ஓட்டை அறுவையில் இன்று பத்தில் ஒன்பதுக்கு மேல் மூடிவிடுகிறது. ஆக்ரிபிளாஸ்மினில் மூடியது 40.6 சதவீதம். ஊசிக்குப் பின் சிலருக்கு நிறங்கள் மாறித் தெரிந்தன, விழித்திரையின் மின்பதிவு குறைந்தது. லாமினின் விழித்திரைக்குள்ளும் உண்டு. எது பசை, எது உறுப்பு என்று நொதிக்குப் பிரித்தறியத் தெரியாது. எங்கே நிறுத்த வேண்டும் என்பதைக் கை அறியும், ரசாயனம் அறியாது. 2020இல் அந்த மருந்து அமெரிக்கச் சந்தையிலிருந்து விலகியது.

நிலைத்தவற்றுக்கு வருவோம். மாக்குலா ஓட்டையை மூட, விழித்திரையின் மேற்பரப்பில் படர்ந்திருக்கும் உள்ளெல்லைச் சவ்வை உரிக்க வேண்டும். அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் சில நூறில் ஒரு பங்கு. கண்ணாடி போல ஒளி ஊடுருவும். நுண்ணோக்கியின் கீழ் இடுக்கி அதைத் தேடித் துழாவும். அரை முடி அளவு ஆழம் தவறினாலும் விழித்திரையே கையோடு வரும். 2000ஆம் ஆண்டில், கல்லீரலைச் சோதிக்கப் பல காலம் பயன்பட்ட இண்டோசயனின் கிரீன் சாயத்தைச் சிலர் அதன் மேல் ஊற்றினார்கள். சவ்வு பச்சையாயிற்று, உரித்த இடம் வெளுத்தும், உரிக்காத இடம் பச்சையாகவும் எல்லை பிரிந்து தெரிந்தது. பிறகு அந்தச் சாயம் விழித்திரைக்கு நஞ்சாகலாம் என்ற ஐயம் எழ, 2006இல் ஜப்பானியர்கள் பிரில்லியன்ட் புளூவைக் கொண்டுவந்தார்கள். அதன் பூர்வீகம் கம்பளிச் சாயம்! கண்ணுக்கே தெரியாத விட்ரியஸ் கூழைக் காட்டித் தந்ததோ மூட்டுவலிக்குப் போடும் ட்ரையம்சினோலோன். அதன் வெண்துகள்கள் கூழில் ஒட்டிக்கொள்ள, மிச்சம் எங்கே கிடக்கிறது என்று தெரிந்தது. சாயத்தை மருந்து என்பது எப்படி என்று சிலர் கேட்பார்கள். 2019 டிசம்பரில் அமெரிக்க அரசு பிரில்லியன்ட் புளூவை மருந்தாகவே பதிவு செய்தது. பதிவை விடுங்கள், கைக்கு எல்லை காட்டும் பொருள் நோயாளிக்குச் செய்யும் உதவி குறைந்ததா என்ன?

என் கட்சிக்கு வலுவான மறுப்பு பெவாசிசுமாப் என்ற அவாஸ்டின். 2004இல் பெருங்குடல் புற்றுநோய்க்கு வந்தது; மறு ஆண்டே மயாமியில் கண்ணுக்குள் போடப்பட்டது. சர்க்கரை நோயால் முளைக்கும் புதிய ரத்தக் குழாய்கள் இந்த ஊசியில் சில நாட்களிலேயே வாடுகின்றன. கண்ணுக்குள் ரத்தம் கசிந்தவர்களுக்கு இதே வகை மருந்தான அஃப்ளிபர்செப்டையும் விட்ரெக்டமியையும் ஒப்பிட்டு 205 கண்களில் நடந்த ஆய்வு 2020இல் வெளியானது. முதல் 24 வாரங்களில் சராசரிப் பார்வையில் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. அப்படியானால் இங்கே மருந்து கத்தியை வென்றுவிட்டதே? பலருக்கு வென்றது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊசியில் தொடங்கியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இரண்டு ஆண்டுக்குள் அறுவையும் தேவைப்பட்டது. குழாயோடு நாரும் வளர்ந்து விழித்திரையை இழுக்கும் கண்ணில் கதையே வேறு. அறுவைக்குச் சில நாள் முன்பு ஊசி போட்டால் கத்தரி படும்போது ரத்தம் பீறிடாது, மருத்துவருக்கு இடம் தெளிவாகத் தெரியும். அது எடுபிடி வேலை, அதில் அது கெட்டிக்காரன். தனியே விட்டாலோ, குழாய் வாடும்போது நார் இறுகி விழித்திரையையே பிய்க்கும். 2008இல் வெளியான ஓர் அறிக்கை 211 கண்களில் 11இல் இப்படி நேர்ந்ததைக் காட்டியது. ஊசிக்குச் சராசரியாக 13 நாள் கழித்து. ஆகவே, அறுவைக்கு முன்னோட்டமாக உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ இந்த ஊசி போட்டிருந்தால், பார்வை தெளிந்தது போலத் தோன்றினாலும் மருத்துவர் குறித்த அறுவைத் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள்.