திட்டங்களில் இடர் அறிதலும் முன்னேற்பாடும்

ஒரு திட்டத்தின் காலத்தையோ செலவையோ பயனையோ பாதிக்கக்கூடிய, ஆயினும் நிகழ்ந்தே தீரும் என்று நிச்சயமாகக் கூறவியலாத சம்பவங்களை முன்கூட்டியே அனுமானித்து, அவை நேர்வதற்குள்ள வாய்ப்பையும் நேர்ந்தால் விளையும் நஷ்டத்தையும் சீர்தூக்கி, ஏற்ற பரிகாரத்தை வகுத்து வைப்பது இடர் மேலாண்மை எனப்படும். இடருக்கு இடந்தரும் மார்க்கத்தையே கைவிடுதல், அதன் வேகத்தைத் தணித்தல், இன்ஷூரன்ஸ் முதலியவற்றால் நஷ்டத்தைப் பிறர்மேல் ஏற்றுதல், தாமே ஏற்று அதற்கெனப் பணமும் காலமும் ஒதுக்குதல் எனப் பரிகாரத்தை நால்வகையாகப் பிரிப்பது இத்துறையின் வழக்கு.

இடர்களைப் பட்டியலிடுவது எளிது. பட்டியலை அதிகாரத்திலுள்ளோர் செவிமடுப்பதே அரிது என்பதற்குப் பனாமாக் கால்வாயின் சரித்திரம் சான்று. 1869-இல் சூயஸ் கால்வாயைத் திறந்து பிரசித்தி பெற்ற பெர்டினாண்ட் டி லெஸ்ஸெப்ஸ், பனாமாவிலும் கடல்மட்டக் கால்வாயே வேண்டுமென 1879-இல் பாரிஸ் மாநாட்டில் வற்புறுத்தியபோது, மழைக்காலத்தில் பெருக்கெடுக்கும் சாக்ரெஸ் நதியை அணையிட்டு ஏரியாக்கி, நீர்ப்பூட்டுகளின் வழியே கப்பல்களை ஏற்றியிறக்குவதே உசிதம் என்று கோடான் டி லெபினே என்ற பொறியாளர் எடுத்துரைத்தார். சபையோ லெஸ்ஸெப்ஸின் கீர்த்தியில் மயங்கி அதைப் புறக்கணித்தது. 1881-இல் தொடங்கிய வேலை, லெஸ்ஸெப்ஸின் கம்பெனி 1889-இல் வீழ்ந்ததோடு நின்றது. மஞ்சள் காய்ச்சலாலும் மலேரியாவாலும் மாண்டோர் பல்லாயிரவர். அங்கிருந்த ஆஸ்பத்திரியில் எறும்பு ஏறாதிருக்கக் கட்டிற்கால்களின் கீழ் வைத்த தண்ணீர்க் கிண்ணங்களிலேயே கொசு முட்டையிட்டுப் பெருகிற்று. அதற்காக அக்கால வைத்தியர்களைக் குறைகூறுவது நியாயமன்று. மலேரியாவுக்கும் கொசுவுக்குமுள்ள தொடர்பை ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கண்டது 1897-இல்தான். எச்சரித்தும் கேளாத சாக்ரெஸ் விஷயத்தில் அத்தகைய சமாதானத்துக்கு இடமில்லை.

1904-இல் அமெரிக்கர் பொறுப்பேற்றனர். மறு ஆண்டு தலைமைப் பொறியாளராக வந்த ஜான் ஸ்டீவன்ஸ், மண் தோண்டுவதை நிறுத்திவைத்து, டாக்டர் கோர்கஸின் கொசு ஒழிப்புப் படைக்கு வேண்டிய ஆளும் பொருளும் முதலில் அளித்தார். 1906-இல் நீர்ப்பூட்டுத் திட்டமும் அங்கீகாரம் பெற்றது. லெபினே சொன்ன அணையும் ஏரியும் இங்ஙனம் காட்டூன் என்ற இடத்தில் உருவாயின. குலெப்ரா மலைவெட்டின் மண்சரிவை மட்டும் எவராலும் முற்றிலும் தடுக்க இயலவில்லை. சரிந்த மண்ணை மீண்டும் மீண்டும் அள்ளுவதையே வேலையின் பகுதியாக ஏற்றுக்கொண்டனர். 1914 ஆகஸ்ட் 15-இல் திறக்கப்பட்ட கால்வாய், மறு ஆண்டு செப்டம்பரில் நேர்ந்த சரிவுகளால் அடைபட்டு, தூர்வாரும் கப்பல்கள் மாதக்கணக்கில் உழைத்த பின், 1916 ஏப்ரலில் மீண்டும் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது.