பைக் வேகத்துக்கு இறங்கிய ஒளி... எப்படி சாத்தியமாச்சு? நமக்கு என்ன பயன்?

ஒளி ஒரு நொடியில் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் போகும். அதை நொடிக்கு வெறும் 17 மீட்டராக, அதாவது மணிக்கு சுமார் 61 கிலோமீட்டராகக் குறைத்துக் காட்டினார் டென்மார்க்கில் பிறந்த இயற்பியலாளர் லெனே ஹவ். நெடுஞ்சாலையில் போற பைக்கே அதை ஓவர்டேக் பண்ணிடும்! 1999-ல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாகாணத்தில் அவரது குழு இதைச் சாதித்தது.

எப்படி நடந்தது?

சோடியம் அணுக்களை மைனஸ் 273 டிகிரியை ஒட்டிக் குளிர்வித்து, குட்டி மேகம் மாதிரி நிறுத்தினார்கள். சாதாரணமாக, பொருத்தமான நிற லேசரை அடித்தால் அணுக்கள் ஒளியை விழுங்கிவிடும். மறுபக்கம் கிட்டத்தட்ட எதுவும் வராது. கூடவே இரண்டாவது லேசரையும் அடித்தால் கதையே வேற. அணு மேல் நிலைக்குத் தாவ இரண்டு வழிகள் உருவாகி, ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். ஊஞ்சலை இரண்டு பேர் எதிரெதிரே ஒரே நேரத்தில், சம பலத்தில் தள்ளினால் அசையாதே, அப்படி. விழுங்க முடியாத அணுக்கள் ஒளிக்கு வழிவிடும்.

இதற்கு இரண்டு லேசர் அலைகளும் தாளம் தப்பக் கூடாது. இதுதான் 'ஓரியல் தன்மை'. அது கலைந்தால் அணுக்கள் மறுபடி ஒளியை விழுங்கத் தொடங்கிவிடும்.

வழி கிடைத்தாலும் ஒளித்துடிப்பு அணுக்களோடு பிணைந்தே நகர்கிறது. அதனால்தான் ஆமை வேகம். 2001-ல் இதே குழு இரண்டாவது லேசரை நடுவில் அணைத்து, துடிப்பின் தகவலை அணுக்களிலேயே பதியவைத்து, லேசரைத் திரும்பப் போட்டு ஒளியாக வெளியே எடுத்தது. சுமார் ஒரு மில்லி நொடி வரை நிறுத்த முடிந்தது.

அப்போ ஐன்ஸ்டீன் சொன்னது தப்பா? இல்லை. வெற்றிடத்தில் ஒளியின் வேகம் அப்படியேதான் இருக்கு.

அரிசி அளவு கடிகாரம்

இதன் நெருங்கிய உறவான இன்னொரு விளைவை 1976-லேயே இத்தாலியின் பைசா நகர ஆய்வாளர்கள் சோடியம் ஆவியில் பார்த்துவிட்டார்கள். அதுதான் இன்று அதிகம் பயன்படுகிறது. இரண்டு லேசர் அதிர்வெண்களின் வித்தியாசம் சீசியம் அணுவுக்கே உரிய 919 கோடி சொச்சம் ஹெர்ட்ஸோடு ஒத்துப்போனால், அணுக்கள் ஒளியை விழுங்குவது குறையும். அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால் கடிகாரம் ரெடி. 2004-ல் அமெரிக்காவின் தேசிய தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், அரிசி அளவில் இதன் மையப் பகுதியைச் செய்து காட்டியது. ஜிபிஎஸ் சிக்னல் எட்டாத கடலடியில், நிலநடுக்கத்தைப் பதியும் கருவிகளுக்கு இப்படிப்பட்ட சின்ன அணுக் கடிகாரங்களும் நேரம் காட்டுகின்றன.

அடுத்தது குவாண்டம் இணையம். ஃபைபர் கேபிளில் தூரம் போகப் போக ஒளித்துகள்கள் தொலைந்துபோகும். அவை சுமக்கும் குவாண்டம் தகவலை நகல் எடுக்கவும் முடியாது. அதனால் நடுவழியில் நிறுத்தி வைத்து அனுப்ப 'நினைவகம்' வேண்டும். ஒளியைப் பழுதில்லாமல், நீண்ட நேரம் பிடித்து வைப்பதில்தான் இப்போ ஆய்வகங்கள் மல்லுக்கட்டுகின்றன.